கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்: குடும்பத்துக்கு ஒரு ஏக்கர்

கேள்வி இதுதான்: "இறை நம்பிக்கை, குடும்பம், ஊருக்கான தொண்டு மூன்றையும் ஒரே வாழ்க்கையில் முதுமைவரை விடாமல் கொண்டுபோனவர்கள் நம் பக்கத்தில் யாராவது உண்டா? தொண்டு என்று இறங்கியவர்களின் வீடுதானே எப்போதும் அதற்கான விலையைக் கொடுக்கிறது?"

உண்டு. எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர், நிலமில்லாத ஏழைகளுக்கு நிலம் கிடைக்கப் பாடுபட்ட கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். கேள்வியின் இரண்டாவது பாதியும் சரிதான், வீடு விலை கொடுத்தது. அதை மழுப்பாமல் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த அம்மாவைப் பற்றி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய நம்பிக்கை இளவயதில் எங்கே நின்றதோ அங்கேயே முதுமையிலும் நின்றது. ஆனால் அதை நடத்திக்காட்டும் வழியை ஏறத்தாழ பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தார். நிலத்தைத் தானமாகக் கேட்டுப் பார்த்தார், போராடிப் பார்த்தார், பிறகு விலைக்கே வாங்கிக் கொடுத்தார். பலரும் இதற்கு நேர்மாறாக, வழியை இறுகப் பிடித்துக்கொண்டு நம்பிக்கையை வழியிலேயே தொலைத்துவிடுகிறார்கள். அவருடைய பணி இத்தனை நீண்ட காலம் நடந்ததற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

1926 ஜூன் 16 அன்று பிறந்தவர். ஊர் திண்டுக்கல் பக்கம் அய்யங்கோட்டை. நிலமில்லாத தலித் குடும்பம். அம்மா நாகம்மாள் நிறைமாத வயிற்றோடும் வேலைக்குப் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர். வயல் வேலையில் நாற்று நடும் பெண் நாள் முழுக்கச் சேற்றில் குனிந்தே நிற்க வேண்டும். வரிசை நகரும்போது கூடவே நகர வேண்டும், பின்தங்கினால் பேச்சு விழும். நட்டது யாருக்கோ, அறுத்தது யாருக்கோ, கையில் வந்தது கூலி நெல் மட்டும். பின்னாளில் எத்தனையோ பேர் எத்தனையோ திட்டங்களை அவரிடம் எடுத்துச் சொன்னார்கள். அவரோ "நிலம், அதுவும் பெண்ணின் பெயரில்" என்பதிலிருந்து இறங்கவே இல்லை. அந்தப் பிடிவாதத்தின் வேர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது, அம்மாவின் உடம்பில் இருந்தது என்றே நினைக்கிறேன்.

படிப்பு அவருக்குக் கிடைத்ததில் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரனின் பங்கு பெரியது. டி.வி.எஸ். தொழில் குழுமத்தை நிறுவிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் அவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து, பிறகு மருத்துவம் படித்து, காந்தியரான ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டவர். 1947-ல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கியதும் இந்தத் தம்பதிதான். மதுரையில் சௌந்தரம் அம்மாவின் அரவணைப்பில் படித்து, கிருஷ்ணம்மாள் பட்டமும் பெற்றார். நாற்பதுகளில் ஒரு தலித் பெண் கல்லூரிப் பட்டம் பெறுவது எவ்வளவு அரிது என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு அரசு வேலை, ஒரு வீடு என்று அவர் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் காந்தி வழியில் எல்லோருடைய நலனுக்கும் பாடுபடும் சர்வோதய இயக்கத்துக்குப் போனார். சங்கரலிங்கம் ஜெகந்நாதனைச் சந்தித்தது அங்கேதான். ஜெகந்நாதன் வசதியான வீட்டுப் பிள்ளை. 1930-ல் காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டவர், 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தையொட்டிச் சிறையில் பல காலம் இருந்தவர். நாடு சுதந்திரம் அடைந்த பிறகுதான் கல்யாணம் என்று இருவரும் தீர்மானித்திருந்தார்கள். அதன்படி 1950-ல் மணந்துகொண்டார்கள். சாதி, சொத்து இரண்டிலும் அவ்வளவு தூரத்தில் பிறந்த இருவர் அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் சேர்ந்ததே ஒரு பெரிய காரியம். ஆனால் அவர்கள் அதைப் பெரிதாக்கிப் பேசிக்கொண்டிருக்கவில்லை. கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே ஜெகந்நாதன் காந்தியின் சீடர் வினோபா பாவேயோடு வடக்கே பாதயாத்திரை போய்விட்டார், கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தார். அந்தக் குடும்பம் ஆரம்பித்ததே அப்படித்தான்.

அந்தப் பாதயாத்திரை பூதானத்துக்காக. நிலம் உள்ளவர்களிடம் தானமாகக் கேட்டு வாங்கி நிலமில்லாதவர்களுக்குக் கொடுப்பதுதான் பூதானம். இளையவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவில் போச்சம்பள்ளி என்ற ஊரில், தலித் குடும்பங்கள் எண்பது ஏக்கர் நிலம் கிடைத்தால் பிழைத்துக்கொள்வோம் என்று வினோபா பாவேயிடம் சொன்னார்கள். அவர் ஊர்க் கூட்டத்தில் கேட்டார், வெதிரே ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து நூறு ஏக்கர் தருவதாகச் சொன்னார். அங்கிருந்து வினோபா ஊர் ஊராக நடந்தார். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1953 முதல் 1967 வரை இந்த வேலையில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 1958-ல் பூதானத்துக்கென்று தனிச் சட்டமே வந்தது. பிறந்த மகனுக்கு வைத்த பெயரில்கூட 'பூமி' இருக்கிறது.

நல்ல மனம் படைத்தவர்கள் நல்ல நிலத்தையும் கொடுத்தார்கள். ஆனால் கல்லும் கள்ளியுமான நிலம், வழக்கில் கிடந்த நிலம், ஒரு குடும்பம் இவ்வளவுதான் வைத்திருக்கலாம் என்ற நில உச்சவரம்பில் எப்படியும் போகப்போகிற நிலம் என்று தள்ளிவிட்டவர்களும் நிறைய. நிலம் கையில் வந்தாலும் ஏர், மாடு, விதை, கிணறு எதுவுமில்லாத குடும்பம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? தானமாக வாங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கொடுப்பவரின் மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டும், வாங்குபவர் அவருக்குக் கடைசிவரை கடன்பட்டவராகவே இருப்பார். இந்த எல்லையை அந்தத் தம்பதி தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

இந்த இடத்தில் கிருஷ்ணம்மாளின் நம்பிக்கையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. காந்தி அவருக்கு வழிகாட்டி. அதோடு வள்ளலார் மீது தீராத பற்று. விளக்கேற்றி அருட்பெருஞ்ஜோதியைத் தொழுவது அவருக்கு வாழ்நாள் முழுவதும் பிடிமானமாக இருந்தது. வள்ளலார் வடலூரில் சத்திய ஞான சபையைக் கட்டுவதற்கு முன்பே, 1867-ல் தரும சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். வழிபாட்டு இடத்துக்கு முன்னால் சமையற்கட்டு வந்துவிட்டது. பசித்தவரின் பசியைப் போக்குவதே வழிபாட்டின் முதல் படி என்பது அவருடைய ஜீவகாருண்யம். கிருஷ்ணம்மாள் அதை இன்னும் ஒரு படி கீழே, பசி எங்கே பிறக்கிறதோ அங்கே கொண்டுபோனார் என்று சொல்லலாம். நிலமில்லாததால் வரும் பசிக்கு ஒரு வேளைச் சோறு போதாது.

நம்பிக்கை அவருக்குச் செய்த இன்னொரு உதவியும் கண்கூடு. தன் மக்களை அடித்து விரட்டிய மிராசுதாரின் வீட்டுத் திண்ணையிலேயே போய் உட்கார்ந்து பேச அவரால் முடிந்தது. எதிரே இருப்பவருக்குள்ளும் அந்த ஜோதி இருக்கிறது என்று உண்மையாகவே நம்புகிறவரால்தான் அது முடியும். வெறும் பேச்சுத் தந்திரமாக இருந்தால் பத்தாவது முறை அலுத்துப்போயிருக்கும்.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத் தஞ்சையில், கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் நிலக்கிழார்கள் தரப்பினரால் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டதும், விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்தது. கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் 1973-ல் விடுவித்தது. அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் இருவரும் தஞ்சை மண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வட்டாரத்தில் பண்ணையாட்களைத் தலைநிமிர வைத்த வேலையைத் தொடங்கியது கம்யூனிஸ்டுகள். பி. சீனிவாசராவ் நாற்பதுகளில் வந்து சங்கம் கட்டினார். சவுக்கடி, சாணிப்பால் போன்ற தண்டனைகள் ஒழிந்தது அந்தப் போராட்டத்தால். 1952-ல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதன் அழுத்தத்தால்தான். கிருஷ்ணம்மாளைப் புகழ்கிறவர்கள் இதை மறந்துவிட்டுப் பேசினால் அது பெரிய அநியாயம். சங்கம் கூலியை உயர்த்திக் கொடுத்திருந்தது, கௌரவத்தையும் மீட்டுக் கொடுத்திருந்தது. நிலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அது ஏன் நகரவில்லை? உச்சவரம்புச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றிருந்ததை 1970-ல் 15 ஆகக் குறைத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் டெல்டாவில் உபரி நிலம் கொட்டிக் கிடக்க வேண்டும். ஆனால் நிலம் அதற்குள் பினாமிகளின் பெயரிலும், இல்லாத அறக்கட்டளைகளின் பெயரிலும் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த அறக்கட்டளை நிலங்களை எதிர்த்து எழுபதுகளில் இருவரும் சத்தியாகிரகம் செய்தார்கள். வலிவலத்தில் நடந்த போராட்டம் அவற்றில் முக்கியமானது. இது இரண்டாவது வழி. கொஞ்சம் பலித்தது. ஆனால் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் வழக்கு, கைது, மேல்முறையீடு என்று ஆண்டுகள் ஓடின.

1981-ல் லாஃப்டி (LAFTI) என்ற அமைப்பு தொடங்கியது, உழுகிறவருக்கே நிலம் என்ற நோக்கத்தோடு. எனக்கு இந்தக் கட்டம்தான் கிருஷ்ணம்மாள் வாழ்க்கையிலேயே மிகவும் ஆச்சரியமானது. வயது 55. மற்றவர்கள் ஓய்வு பெறப்போகிற வயதில் இவர் வங்கிக் கடன், கிரயப் பத்திரம், முத்திரைத் தீர்வை என்று புதிதாகப் படிக்க ஆரம்பித்தார்.

யோசனை நேரடியானது. மிராசுதாரர்களின் பிள்ளைகள் படித்து வெளியூர்களில் வேலைக்குப் போய்விட்டார்கள். பல வீடுகளில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள். விவசாயத்தில் முன்போல் பிடிப்பு இல்லை, விற்றால் தேவலை என்று சிலருக்குத் தோன்றுகிறது. ஆனால் தங்கள் வயலில் வேலை செய்தவர்களுக்கே விற்பது அவர்கள் மனதில் ஓடவே ஓடாது. வாங்கக்கூடியவர்களிடமோ காசு இல்லை. இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே பாயில் உட்காரவைத்து நியாயமான விலை பேசுவது, வங்கியிடம் கடன் வாங்கிக் கொடுப்பது, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் பெண்ணின் பெயரில் பத்திரம் பதிவது, விளைச்சலிலிருந்து கடனை அடைப்பது. சொல்ல இவ்வளவுதான். ஆரம்பத்தில் வங்கிகள் தயங்கின. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமே ஏழைகளின் முதுகை ஒடித்துவிடும் போலிருந்தது. அதிகாரிகளின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே அந்தக் கதவுகளைத் திறந்தார். பிறகு மத்திய அரசே இந்த முறையை ஒரு திட்டமாக ஏற்றுக்கொண்டது. 2007-க்குள் சுமார் 13,000 குடும்பங்களுக்கு ஏறத்தாழ 13,000 ஏக்கர் கைமாறியிருந்தது.

டெல்டாக்காரர்களுக்கு இந்த அளவின் அர்த்தம் சட்டென்று புரியும். அங்கே பெரிய வீட்டுக்காரர்கள் நிலத்தை வேலிக் கணக்கில் சொல்வார்கள். ஒரு வேலி என்றால் இருபது மா, அதாவது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். நூறு வேலிக்காரர், இருநூறு வேலிக்காரர் என்பதே ஒரு பட்டம் மாதிரி. அந்த ஊரில் ஒரு ஏக்கர் என்பது வெறும் மூன்று மா. ஒரு போகம் நன்றாக விளைந்தால் இருபது மூட்டைக்கு மேல் நெல் வரும். பெரிய பணமில்லை. ஆனால் வீட்டுக்கு ஆண்டு முழுவதற்கும் அரிசி வந்துவிடும், மீதியை விற்றுக் கடன் தவணை கட்டலாம். அதைவிட முக்கியம், நாளைக்குக் கூலிக்குக் கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் போய்விடும். கூலி பேசும்போது முதல் தடவையாக "முடியாது" என்று சொல்ல முடியும். பட்டாவில் பெண்ணின் பெயர் இருப்பதால் குடித்துவிட்டு வரும் கணவன் அதை அடமானம் வைக்கவும் முடியாது.

அநியாயமாகச் சேர்த்த நிலத்துக்கு ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும், அது ஆண்டைகளுக்குப் பரிசு கொடுப்பதுதானே என்று இடதுசாரித் தோழர்கள் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பாடுபட்டவர்களே கடன் வாங்கித் தங்கள் உழைப்பின் பலனைத் திரும்ப வாங்குவது தத்துவமாகப் பார்த்தால் நெருடும். ஆனாலும் என் தீர்ப்பு கிருஷ்ணம்மாள் பக்கம்தான். பறித்த நிலத்துக்கு வழக்கு வரும், ஆட்சி மாறினால் ஆபத்து வரும். விலை கொடுத்துப் பதிந்த பத்திரத்தை யாரும் எழுந்து கேட்க முடியாது. விற்றவரும் வாங்கியவரும் அதே ஊரில், அதே வாய்க்கால் தண்ணீரில்தான் அதற்குப் பிறகும் வாழ வேண்டும். எரிந்த குடிசைகளைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் இரத்தம் சிந்தாத வழி எதுவோ அதைத் தேடியதில் எனக்குக் குறை காண முடியவில்லை. வெண்மணியிலும் நிலம் வாங்கிக் கொடுத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தொண்ணூறுகளில் புதிதாக ஒரு சங்கடம் வந்தது. கடலோரத்தில் இறால் பண்ணைகள். வயல்களை வளைத்துக் குளம் வெட்டிக் கடல் நீரை நிரப்பினார்கள். பக்கத்து வயல் உப்பாகியது, குடிநீர்க் கிணறு உப்பாகியது, வேலை போனது. பாடுபட்டு வாங்கிக் கொடுத்த ஏக்கர் கண்ணெதிரே களராகிப்போகும் நிலை. மறியல், உண்ணாவிரதம், பேரணி எல்லாம் நடந்தன, அடியும் பட்டார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும், பாரம்பரிய முறையைச் சேராத இறால் குளங்களை அகற்ற வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய அரசு என்று பதிவான அந்த வழக்கைச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பிறகு 2005-ல் வந்த கடலோர நீருயிர் வளர்ப்புச் சட்டம் அந்தத் தீர்ப்பின் பலத்தைப் பெரிதும் குறைத்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வென்ற வழக்கு வென்றபடியே இருப்பதில்லை.

சரி, குடும்பத்துக்கு வருவோம். இரண்டு குழந்தைகள், ஒரு மகன், ஒரு மகள். அப்பா ஒரு ஊரில் நடைப்பயணத்தில், அம்மா இன்னொரு ஊரில் போராட்டத்தில், நடுவில் யாராவது ஒருவர் சிறையில். மற்ற வீடுகளில் இருப்பதுபோல் அம்மா எப்போதும் பக்கத்தில் இருக்கும் பால்யம் அந்தக் குழந்தைகளுக்கு வாய்க்கவில்லை. நீங்கள் சொன்ன விலை இதுதான், அதைத் தியாகம் என்று பூசி மெழுகுவது சரியில்லை. குழந்தைகள் அந்தத் தியாகத்தைத் தாங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை. இருவரும் படித்து மருத்துவர்கள் ஆனார்கள். அதைக் காட்டி அந்த விலையை இல்லையென்று ஆக்கிவிடவும் கூடாது.

அந்தக் குடும்பம் உடையாமல் இருந்ததற்கு ஒரு காரணம் எனக்குப் புலப்படுகிறது. கணவன் தலைவர், மனைவி உதவியாள் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. பூதானத்தில் ஜெகந்நாதன் முன்னால் நின்றார், லாஃப்டியில் கிருஷ்ணம்மாள் முன்னால் நின்றார். வழக்கு அவர் பெயரில், பத்திரப் பதிவு வேலை இவர் கையில். தொண்டில் இறங்கும் பல வீடுகளில் ஒருவரின் லட்சியத்தை இன்னொருவர் சமைத்துப் போட்டே காப்பாற்றுகிறார். அந்த இன்னொருவரின் கசப்புதான் காலம் போகப்போக வீட்டை அரிக்கிறது. இந்த வீட்டில் இருவருக்கும் வேலை இருந்தது, அது ஒரே வேலையாகவும் இருந்தது. சொத்து என்று எதையும் சேர்க்கவில்லை, அதனால் அதற்கான சண்டையும் இல்லை.

ஜெகந்நாதன் 2013 பிப்ரவரி 12 அன்று நூறை ஒட்டிய வயதில் காலமானார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட இல்லறம். அப்போது கிருஷ்ணம்மாளுக்கு 86. பத்மஸ்ரீ 1989-லும், மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது 2008-ல் கணவரோடு சேர்த்தும், பத்மபூஷண் 2020-லும் வந்தன. விருதுகளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஆர்வமில்லை, அவருக்கும் அது பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை.

முதுமையில் அவர் மனதை வீடுதான் பிடித்துக்கொண்டது. நிலம் கிடைத்த குடும்பங்கள் இன்னமும் மண் குடிசையில்தான் இருந்தன. ஒவ்வொரு மழைக்கும் சுவர் கரையும், பெருவெள்ளம் வந்தால் எல்லாம் போகும், 2004 சுனாமி அதை இன்னும் கொடுமையாகக் காட்டியது. எனவே செங்கல் வீடு. உழவு வேலை இல்லாத மாதங்களில் பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை என்று பயிற்சிப் பட்டறைகளையும் லாஃப்டி நடத்தியது. அப்புறம், பெண்களைக் கூட்டிவைத்துப் பாடுவது, விளக்கேற்றித் தொழுவது, மனு எழுதுவது, ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் நிற்பது, இவையெல்லாம் எண்பது வயதுக்குப் பிறகும் அவர் நாளின் பகுதியாகவே இருந்தன. பூஜை ஒரு நேரம், பொதுவேலை ஒரு நேரம் என்று பிரித்து வைத்திருந்தால் இவ்வளவு காலம் ஓடியிருக்காது.

உங்களுக்கு நேரில் பார்க்கும் ஆர்வம் இருந்தால் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கீழ்வேளூர்ப் பக்கம் போங்கள். முதலில் வெண்மணி நினைவிடத்துக்குப் போய் அந்த 44 பெயர்களையும் படியுங்கள். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் வயலில் நிற்கும் வயதான பெண்களில் யாரையாவது கேளுங்கள், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று.